படத்தில் 'ஆம்' கிடையாது

ஜூலை 2, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. கூரியர்காரன் "தெய்வம், சிகாமணி, ரெண்டு பேர்ல யாரு?" என்று கேட்டான். இரண்டு பேரும் நான்தான், தெய்வசிகாமணி ஒரே ஆள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

சென்னைப் பதிப்பகத்தில் ஆசிரியராக இருக்கும் நித்திலா அனுப்பியது. நான் மொழிபெயர்க்கும் ஐந்தாவது புத்தகம் இது. போன புத்தகத்தின் முன்னுரையில் ஒரு பேராசிரியர் என்னை 'ஆம்பூரைச் சேர்ந்த மொழி ஆர்வலர்' என்று எழுதினார். நான் எட்டாம் வகுப்போடு தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போனவன். எடை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆங்கிலத்தை நகராட்சி நூலகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருந்ததில்லை. கல்லூரிக்காரர் ஒரு புத்தகம் செய்தால் மொழிபெயர்ப்பாளர், நான் நான்கு செய்தால் ஆர்வலர். இந்தமுறை அந்தச் சொல் எங்காவது வந்தால் வேலையைத் தரமாட்டேன் என்று நித்திலாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பிரித்துப் பார்த்தால் முழுக்கப் படம்.

"இன்னாண்ணா, பொம்மப் பொஸ்தகம் வந்துகீது?" என்றாள் பச்சையம்மாள். என் தங்கை. புருஷன் செத்த பிறகு என்னோடுதான் இருக்கிறாள்.

பொம்மைப் புத்தகம் இல்லை, ஒரு பேராசிரியர் வரைந்தது என்றேன். "பேராசிரியரு ஏன் பொம்ம போடறாரு?" என்றாள். அது எனக்கும் தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

முழுவதையும் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. மெலிஹா துரான் என்ற துருக்கி நாட்டு அம்மாள். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராயும் மானிடவியல்காரர். எழுபதுகளின் கடைசியில் அவர்களுடைய தலைநகரமான அங்காராவில் இடதுசாரிப் பையன்களும் வலதுசாரிப் பையன்களும் தெருவில் சுட்டுக்கொண்டு செத்திருக்கிறார்கள். பிறகு ராணுவம் வந்து இரண்டு பக்கத்தையும் சிறையில் தள்ளியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஆளைத் தொலைத்த குடும்பத்துப் பெண்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து, அதைப் படக்கதையாக வரைந்திருக்கிறார். துருக்கி மொழியில் எழுதி, ஆங்கிலத்திலும் அவரே போட்டிருக்கிறார்.

கதையில் நெஸ்ரின் என்ற பெண். அவளுடைய அண்ணன் ஜெலால், பல்கலைக்கழக மாணவன். ஒரு மாலை ரொட்டி வாங்கக் கதவைத் திறந்துகொண்டு போகிறான். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் கதை. மீதி எல்லாம் காத்திருப்பது.

நடுவில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. கட்டங்கள் மட்டும், உள்ளே படமே இல்லை. கட்டத்துக்கடியில் வரிகள் இருக்கின்றன. அச்சுப் பிழை என்று நினைக்கிறேன். நித்திலாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று மீசைப் பக்கம். அங்காராவில் அப்போது மீசையைப் பார்த்து ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். இடதுசாரிக்கு மேலுதட்டை மூடுகிற அடர்ந்த மீசை. வலதுசாரிக்கு இரண்டு முனையும் கீழே இறங்கிப் பிறை மாதிரி. ஒரு கட்டத்தில், தூங்கிக்கொண்டிருக்கும் ஜெலாலின் மீசையை வெட்டிவிட அவன் அம்மா கத்தரிக்கோலோடு குனிகிறாள். அடுத்த கட்டத்தில் வெட்டாமல் போர்வையை இழுத்துவிட்டுப் போகிறாள். இந்த இடத்தில் வசனமே இல்லை. எனக்கு வேலை இல்லை, ஆனால் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

மாலையில் மாசிலாமணி சலூனுக்குப் போய் மீசைக்கும் தலைக்கும் மை போட்டுக்கொண்டேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போடுவது வழக்கம். நரை மீசை சாப்பிடும்போது அழுக்காகத் தெரிகிறது.

பச்சையம்மாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "எழுவத்தஞ்சு வயசுல இன்னாத்துக்குண்ணா மை? பொண்ணு பாக்கப் போறியா?"

"பொண்ணு கெடச்சா சொல்லு" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

வாணியம்பாடி பஸ்ஸில் சுருட்டை முடியோடு ஒரு பையன். இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும். அவன் இறங்கும்வரை பார்த்தபடி இருந்துவிட்டேன். "இன்னா பெர்சு, மொறைக்கிற?" என்றான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு மரியாதை கிடையாது.

ஜூலை 11, வியாழன்

காலிப் பக்கம் அச்சுப் பிழை இல்லையாம். மெலிஹா அப்படித்தான் விட்டிருக்கிறார் என்று நித்திலா சொன்னாள். கடுப்பாக இருந்தது. படம் போடத் தெரிந்தவர் படம் போட வேண்டிய இடத்தில் ஏன் போடவில்லை?

அந்தப் பக்கத்து வரிகள் ஆங்கிலத்தில் இப்படி: ஜெலாலைப் பாலத்தருகே பிடித்தார்கள். வண்டியில் ஏற்றினார்கள். அடித்தார்கள். அவன் இறந்தான்.

யார் பார்த்தது? நெஸ்ரின் வீட்டில் இருந்தாள். அம்மா வீட்டில் இருந்தாள். பாலம் வெகுதூரம். சாட்சி என்று ஒருவரும் கதையில் வரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தது மாதிரி "இறந்தான்" என்று எழுதியிருக்கிறது. உடலைக் கொடுத்தார்களா? இல்லை. புதைத்த இடத்தைக் காட்டினார்களா? இல்லை. பிறகு எப்படி எழுதலாம்?

நித்திலாவிடம் மெலிஹாவின் மின்னஞ்சல் முகவரி வாங்கி நேராக அவருக்கே எழுதிவிட்டேன். "அம்மையீர், இந்த நான்கு வரிகளையும் யார் பார்த்தது என்று தெரிந்தால்தான் என்னால் தமிழில் எழுத முடியும்." கொஞ்சம் காட்டமாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

துரைமாணிக்கம் வந்தான். தோல் ஷாப் சங்கத்தில் என் தம்பி தணிகாசலத்தோடு இருந்தவன். இப்போது மூட்டுவலி, இரண்டு பேத்தி, ஒரு பழைய ஸ்கூட்டர். மலையடிவாரத்தில் நினைவுக் கல் நடுகிறார்கள். நாற்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால், தீவிரவாதிகள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக்கொன்ற பையன்களின் பெயரெல்லாம் அதில் வெட்டப்போகிறார்கள். செப்டம்பரில் திறப்பு. இதற்கு முன்னாலும் வந்து கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"தெய்வண்ணே, இந்த தபா இல்லன்னு சொல்லாத. குடும்பத்துல எல்லாரும் ஒத்துக்கினாத்தான் பேரு போடறதுன்னு கமிட்டில முடிவு. தணிகா பேரு இல்லாத கல்லு இன்னா கல்லு?"

"அவன் செத்தத நீ பாத்தியா?"

"நான் அப்போ வேலூர் ஜெயில்ல கீறேன். எப்படிப் பாப்பேன்?"

"நான் பாத்தனா?"

"ண்ணே..."

"போலீஸ்காரங்க ஒரு சட்டையக் கொண்டாந்து காட்டினாங்க. பொணத்த எரிச்சிட்டோம்னு சொன்னாங்க. அந்தச் சட்டைக்கு ரெண்டு பக்கமும் பாக்கெட்டு. அவன் ரெண்டு பாக்கெட்டு வெச்சு சட்ட தெச்சதே கிடையாது. நான்தான் அவனுக்குத் துணி எடுத்துக் குடுக்கறவன்."

பச்சையம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன்.

வாசல்வரை போனவன் திரும்பி, "தங்கச்சி ஒத்துக்கிச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி" என்றான்.

அவள் எப்போது ஒத்துக்கொண்டாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரவுச் சாப்பாடு நடந்திருக்காது.

ஜூலை 18, வியாழன்

மெலிஹா பதில் போட்டிருக்கிறார்! என் மேல் கோபம் இல்லை. நன்றாக எழுதுகிறார். சுருக்கம்:

அவர்கள் மொழியில் இறந்தகாலத்துக்கு இரண்டு விகுதி. கண்ணால் பார்த்ததற்கு ஒன்று, பார்க்காமல் கேள்விப்பட்டதற்கு இன்னொன்று. போனதைப் பார்த்திருந்தால் 'கித்தி'. பிறர் சொல்லிக் கேட்டிருந்தால் 'கித்மிஷ்'. துருக்கிப் பதிப்பில் காலிப் பக்கத்தின் நான்கு வரியும் 'மிஷ்'ஷில்தான் முடிகின்றன. ஆங்கிலத்தில் அதற்கு வழி இல்லை. ஒவ்வொரு வரியிலும் 'கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்' என்று போட்டால் வரி செத்துவிடும் என்று விட்டுவிட்டாராம். "இத்தனை மொழியில் வந்தும் யார் பார்த்தது என்று கேட்ட முதல் ஆள் நீங்கள். உங்கள் மொழியில் இதற்கு வழி இருக்கிறதா?"

இருக்கிறதாவா!

போனானாம். பிடித்தார்களாம். அடித்தார்களாம். இறந்தானாம்.

ஓர் உயிரும் ஒரு மெய்யும். கேள்விப்பட்டேன், நான் பார்க்கவில்லை, நான் பொறுப்பில்லை, நம்பினால் நம்பு என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. நான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதானே. தணிகாசலத்தைச் சுட்டார்களாம். எரித்தார்களாம்.

அந்த அம்மாளுக்கு உடனே எழுதினேன். ஆங்கிலத்தில் எனக்கு இவ்வளவு வேகமாக வந்ததே இல்லை.

ஜூலை 22, திங்கள்

'ஆம்' போடுகிற வேலை மும்முரம். காலிப் பக்கத்தோடு நிற்கவில்லை. ஜெலால் பற்றி நெஸ்ரின் சொல்லும் எல்லா வரியிலும் போட்டுவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு ரொட்டி வாங்கப் போகும் படத்துக்குக் கீழேயும் "ஆபி போனாராம்" என்று எழுதினேன். ஆபி என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். அந்தச் சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆபி நான்தான்.

எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். "அடித்தார்களாம். இறந்தானாம்." அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

நேற்று மை போட்டுக்கொண்டேன். நரை வந்த இடத்தில் அரிப்பு எடுக்கிறது, அதற்காகத்தான்.

ஜூலை 26, வெள்ளி

நித்திலா தொலைபேசியில்:

"ஐயா, படிச்சேன். நல்லா வந்திருக்கு. ஆனா இந்த ஆம், ஆம், ஆம்... கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"முடியாது."

"சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்ற மாதிரி இருக்கு. ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்கிற மாதிரி. இல்லைன்னா பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி. சாவைப் பத்தி எழுதுற இடத்துல அது சரியா வருதா?"

"மூலத்துல இருக்கிறதே அதான். அவங்க குழந்தைக் கதையும் அந்த மிஷ்லதான் ஆரம்பிக்குமாம். எழுதினவங்களையே கேளும்மா."

"வசனம் போடுற பலூன்ல இடமும் பத்தலைங்க ஐயா. வரி ரெண்டா உடையுது."

"பலூனைப் பெருசா வரையச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். "ஆம்பூர்க்காரர் இல்லையா, அதான் எல்லாத்துலயும் ஆம் போடறீங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. 'ஆம்' இல்லாமல் புத்தகம் வராது என்று சொல்லி வைத்துவிட்டேன். தமிழ்க் கோப்பை மெலிஹாவுக்கு அனுப்புகிறாளாம். அவருக்குத் தெரிந்த, தமிழ் படித்த மாணவர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

காலையில் எழுந்தபோது பச்சையம்மாள் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை அவள் குளித்துவிட்டு எங்கோ போய் வருவாள். அதற்கு முந்தின நாள் வாழைக்காய் வாங்குவாள். புருஷனுக்குப் படைக்கிறாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் புருஷன் வாழைக்காய் தொடமாட்டார். வாழைக்காய் வறுவலை எண்ணெய்ச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்கிறவன் வேறொருவன். நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

இன்று என்னவோ கேட்டுவிட்டேன்.

"யாருக்குப் படைக்கிற?"

"தெரியாத மாதிரி கேக்கற."

"உசுரோட கீறவனுக்கு யாராவது படைப்பாங்களா?"

"ண்ணா." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நீ மை போட்டுக்கினு காத்துனு இரு. நான் வேணான்னு சொல்லல. ஆனா நான் போறதுக்கு முன்ன அவன் பேரு ஒரு எடத்துல இருக்கணும். ஒரு வெளக்கு ஏத்த எனக்கு ஒரு எடம் வேணும். காக்காவுக்கு சோறு வெச்சுட்டு, அது வந்தா அவன் வந்துட்டான்னு நெனச்சிக்கினு, திருட்டுத்தனமா வூட்டுக்கு வரேன். எத்தினி வருசம்ண்ணா?"

மையைப் பற்றி அவள் ஏன் பேசினாள் என்று தெரியவில்லை. மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மாலையில் சலூனுக்குப் போனேன். "அமாவாச நாள்ல வேணாம்ண்ணே" என்றான் மாசிலாமணி. அமாவாசை அப்பன் ஆத்தா செத்தவனுக்கு, மீசைக்கு இல்லை என்றேன். எனக்கு அப்பன் ஆத்தா செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்பது அவனுக்கும் தெரியும். மை கலக்கினான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மெலிஹாவிடமிருந்து. இதை ஒரு வரி விடாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள தெய்வசிகாமணி, உங்கள் 'ஆம்' என் 'மிஷ்'ஷைவிட அழகாக இருக்கிறது என்று என் மாணவர் சொல்கிறார். காலிப் பக்கம் இதுவரை வந்த எந்த மொழியையும்விடத் தமிழில்தான் சரியாக இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் தவறு செய்துவிட்டீர்கள். கதவைத் திறந்துகொண்டு அவர் போகும் இடத்தில் நான் 'மிஷ்' போடவில்லை. அங்கே இருப்பது 'கித்தி'.

பேட்டி கொடுத்த பெண்கள் பாலத்தைப் பற்றி, வண்டியைப் பற்றி, சாவைப் பற்றி எல்லாமே மிஷ்ஷில்தான் சொன்னார்கள். ஆய்வுக் கட்டுரையில் அதை அப்படியே எழுத முடிந்தது. வரைய உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. படத்தில் மிஷ் கிடையாது. பாலத்தை வரைந்தால் பாலம் இருக்கிறது. அடிப்பதை வரைந்தால் அடி விழுந்துவிடுகிறது. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக நான் சொல்லிவிடுகிறேன். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அவர்கள் பார்த்ததை மட்டும் வரைவது. பார்க்காததற்குக் கட்டம் மட்டும், உள்ளே ஒன்றும் இல்லை. படமாகப் போட்டதன் காரணமே இதுதான். எது தெரியும், எது தெரியாது என்பதை ஒரு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அண்ணன் கதவைத் தாண்டிப் போனதை அவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். என்ன சட்டை, எந்தக் காலை முதலில் வைத்தார், எல்லாம் சொன்னார்கள். அதை அவர்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்."

பச்சையம்மாள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. பேராசிரியர் ஏன் பொம்மை போடுகிறார் என்று. ஆனால் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

திருத்த மாட்டேன் என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

தணிகாசலம் போனதை நான் பார்த்தேன்.

காலை நேரம். மழை விட்டிருந்தது. அவனுடைய சைக்கிளில் செயின் கழன்றிருந்தது, வாசலில் குந்தி மாட்டினான். கை எல்லாம் கிரீஸ். துடைக்கத் துணி கேட்டான். என் பழைய பனியனைத் தூக்கிப் போட்டேன். துடைத்துவிட்டு அதைச் சைக்கிள் கேரியரில் செருகினான். "சாயங்காலம் வரேன்" என்றான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்கிறவன் இல்லை. தெரு முனையில் பள்ளம், அதில் தண்ணீர். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அதில் இறங்கினான், சின்னப் பிள்ளை மாதிரி. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நான் மீசையை முறுக்கிக் காட்டினேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

போனான். இதில் ஆம் இல்லை.

"ஆபி போனார்" என்று திருத்தி நித்திலாவுக்கு அனுப்பிவிட்டேன். 'ஆர்' விகுதி சரியா என்று அவள் கேட்டாள். தங்கச்சி அண்ணனைச் சொல்கிறாள், வேறென்ன போடுவாள் என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கடைசிப் பக்கம். இதில் எழுத்தே இல்லை என்பதால் இதுவரை கவனிக்காமல் விட்டிருந்தேன். நெஸ்ரின் இப்போது கிழவி. ரொட்டிக்கடை வரிசையில் பையோடு நிற்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு கிழவர், கோட்டுப் போட்டு, கொஞ்சம் கூன். முதுகு மட்டும் தெரிகிறது, காதோரம் வெள்ளை முடி. நெஸ்ரின் அவரைப் பார்க்கிறாள். புத்தகம் முடிந்தது.

இந்தக் கிழவர் யார்? கதையில் எங்கும் வரவில்லை. அப்பா ஏற்கெனவே செத்துவிட்டார். அந்த அம்மாள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்து எழுதினேன். "பார்த்ததை மட்டும் வரைவேன் என்றீர்கள். இவர் யார்? இவரை யார் பார்த்தது?"

ஆகஸ்ட் 14, புதன்

பதில் வந்தது. நாலைந்து வரிதான்.

"ஜெலால்தான். இருந்தால் இப்போது அவருக்கு வயது எழுபது ஆகப்போகிறது. பேட்டி கொடுத்த எல்லாப் பெண்களும், கடையிலோ பஸ்ஸிலோ யாரோ ஒரு கிழவரைப் பார்த்து ஒரு நொடி அவர்தான் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். அந்த ஒரு நொடி அவர்கள் பார்த்தார்கள். அதனால் வரைந்தேன்."

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. வேலை செய்யவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சலூனுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். சும்மாதான்.

சுருட்டை முடிப் பையன்கள் நிறையப் பேர் போனார்கள். யாரையும் பார்க்கவில்லை. நாற்பத்து நான்கு வருடமாக இந்தப் பையன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பையன்களுடைய அப்பன்களே அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்திருப்பார்கள்.

கிழவர்களைப் பார்த்தேன். இதற்கு முன்னால் நான் கிழவர்களைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. எவ்வளவு பேர். பெங்களூர் வண்டியிலிருந்து ஒருவர் பக்கவாட்டில் காலை ஊன்றி இறங்கினார். வழுக்கை. ஒருவர் வெற்றிலையைக் கசக்கி வாயில் போட்டார். ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க முடியாமல் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தார். தணிகாசலத்துக்கு அறுபத்தேழு. சுருட்டை முடி அறுபத்தேழு வயதில் என்ன ஆகும்? எங்கள் அப்பாவுக்கும் சுருட்டைதான், உச்சியில் கொட்டிவிட்டது. அப்படியென்றால் அவனுக்கும் கொட்டியிருக்கும். பல்லும் போயிருக்கலாம். எத்தனை முறை இவர்களில் ஒருவனாக அவன் என் பக்கத்தில் நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

செங்கம் போகும் வண்டியருகே நின்ற ஒருவர் பேருந்தில் ஏறும் முன் பள்ளத்துத் தண்ணீரைத் தாண்டினார். எழுந்துவிட்டேன். அவர் திரும்பினார். இல்லை.

ஆனால் ஒரு நொடி.

ஆகஸ்ட் 21, புதன்

நானே துரைமாணிக்கத்தைக் கூப்பிட்டேன். கல்லில் வெட்டப்போகும் எழுத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தான். ஒவ்வொரு பெயருக்கும் கீழே தேதியும் 'சுட்டுக் கொல்லப்பட்டார்' என்பதும் இருந்தன.

"தணிகாசலத்துக்கு 'கொல்லப்பட்டாராம்'னு போடு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பச்சையம்மாளைப் பார்த்தான். "ண்ணே, கல்லுல போய் 'ஆம்' வெட்டினா ஊரே சிரிக்கும். போலீஸ்காரனும் சிரிப்பான். நாங்களே நம்பலன்னு ஆயிடும்."

அவன் சொன்னதும் சரிதான். மற்ற பையன்களின் உடலைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கல்லில் சந்தேகம் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பார்க்காததைக் கல்லில் வெட்ட யாருக்கும் உரிமை இல்லை. காகிதமானால் அடித்துத் திருத்தலாம்.

"அப்போ பேரு மட்டும் வெட்டு" என்றேன். "தேதி வேணாம். கீழ ஒண்ணும் வேணாம். காலியா வுடு."

"காலியா வுட்டா ஏன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். கேக்கறதுக்குத்தான் காலி."

தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். "கமிட்டில பேசறேன். ஒத்துக்குவாங்க. நான் ஒத்துக்க வெக்கறேன்" என்றான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். வயதாகிவிட்டது அவனுக்கு.

பச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்க வெளக்கு ஏத்தலாமாண்ணா?" என்று கேட்டாள்.

"கல்லுக்கு ஏத்து. அவனுக்குன்னு ஏத்தாத."

"ரெண்டும் ஒரே வெளக்குதான்" என்றாள்.

வாழைக்காய் இருந்தால் வறு என்றேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

புத்தகம் முடிந்து அனுப்பியாகிவிட்டது. 'ஆம்' எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அட்டையின் முன்பக்கத்திலேயே 'தமிழில்: தெய்வசிகாமணி' என்று போடுகிறார்களாம். எழுத்து பெரிதா என்று கேட்டேன். "மெலிஹா பேர் அளவுக்கே ஐயா" என்றாள் நித்திலா. பார்த்தால்தான் நம்புவேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சலூனுக்குப் போனேன். மாசிலாமணி துணியைப் போர்த்திவிட்டு மைக் கிண்ணத்தை எடுத்தான்.

"வேணாம். வெட்டி ஒழுங்கு பண்ணு போதும்."

அவன் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. போன முறை வராததால் மீசையின் அடியில் வெள்ளை நன்றாகவே ஏறியிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"கல்லுல பேரு வெட்டறாங்கன்னு கேள்விப்பட்டேண்ணே" என்றான் மெதுவாக. "நல்லதுதான். எத்தினி நாளு மனசுலயே வெச்சினு இருப்பீங்க. வுட்டுட்டீங்களே, அதுவே பெரிசு."

காலையில் பச்சையம்மாளும் இப்படித்தான். மை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதும், என் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் எதையோ இறக்கி வைத்துவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

"எதை வுட்டேன்?" என்றேன். "அவனுக்கு அறுவத்தேழு ஆவுது மாசிலாமணி. அவனுக்குக் கணக்குத் தெரியும். இன்னிக்கு பஸ்ஸுல வந்து எறங்கினான்னா எழுவத்தஞ்சு வயசுக் கெழவனத்தான் தேடுவான். கருப்பு மீசையோட ஒருத்தன் எதிர்ல போனா யாரோன்னு வுட்டுட்டுப் போயிடமாட்டானா?"

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு கத்தரிக்கோலை எடுத்தான்.

முனையை மட்டும் வெட்டாதே, முறுக்க வேண்டும் என்று சொன்னேன்.